வாசகர் கேள்விகள்: வரைபடத்தில் நிலவரம் இருக்கிறது, நிகழ்வு எங்கே?

கேள்வி: ஒரே வனப்பகுதியின் செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் புவியியல் தகவல் அமைப்பில் (வரைபடத் தரவைச் சேமித்து ஆராயும் மென்பொருளில்) அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் மாற்றம் நன்றாகத் தெரிகிறது. இயக்கத்தைப் பதிவு செய்ய இது போதாதா?

பதில்: கண்ணால் பார்ப்பதற்குப் போதும், அமைப்பிடம் கேள்வி கேட்டு விடை பெறுவதற்குப் போதாது. நீங்கள் சேர்த்து வைத்திருப்பவை குறிப்பிட்ட சில கணங்களின் நிலவரங்கள். ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோள் அதே இடத்துக்கு மேலே மீண்டும் வர 16 நாள்கள் ஆகின்றன. லேண்ட்சாட் 8, 9 இரண்டையும் சேர்த்துக்கொண்டால் 8 நாள்கள். அந்த இடைவெளிக்குள் மூண்டு அணைந்துவிட்ட காட்டுத்தீ அடுத்த படத்தில் கருகிய நிலமாக மட்டுமே தெரியும். எங்கே பற்றியது, எந்தத் திசையில் ஓடியது என்பவற்றை அந்தப் படம் சொல்லாது.

இன்னும் அடிக்கடி படம் எடுத்தால் குறை தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் தீரும். காலை 6 மணி அடுக்கில் எரியும் பகுதிகள் இரண்டு பல்கோணங்களாகவும், நண்பகல் 12 மணி அடுக்கில் ஒரே பல்கோணமாகவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தீயும் பரவி இணைந்தனவா, அல்லது ஒன்று அணைந்த பிறகு மற்றது அதன் இடம்வரை பரவியதா? இரண்டு அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி எத்தனை முறை கணக்கிட்டாலும் உறுதியான விடை வராது. ஏனென்றால் இணைந்தது, அணைந்தது என்ற செய்தியே தரவில் எங்கும் எழுதப்படவில்லை.

இந்தக் குறையை நிவர்த்தி செய்யும் வழிகள் 1990களிலேயே முன்வைக்கப்பட்டன. ஆய்வாளர்கள் டோனா பியூகேயும் நியு டுவானும் 1995இல் முன்மொழிந்த அமைப்பில் முழுப் படம் தொடக்கத்தில் ஒன்றுதான். அதன் பிறகு, எந்த நேரத்தில் எந்தக் கலங்களின் (படத்தின் சிறு கட்டங்களின்) மதிப்பு எதுவாக மாறியது என்பது மட்டும் காலவரிசையில் பட்டியலாகச் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு நேரங்களுக்கு நடுவே என்ன மாறியது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலை வாசித்தாலே விடை கிடைத்துவிடும். மே யுவான் என்ற ஆய்வாளர் வேறு பாதையில் சென்றார். பொருள், காலம், இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்து இணைப்புகளால் கட்ட வேண்டும் என்றார் அவர். ஒரே தீ ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் எரியலாம், ஒரே இடம் வெவ்வேறு தீக்களால் இரண்டு முறை எரியலாம் என்பதை அடுக்குமுறை தடுமாறித்தான் சொல்லும். இந்த முறையில் அது இயல்பாக அமைகிறது.

இருந்தாலும், மாற்றத்தைப் பதிந்துவிட்டால் மாற்றத்துக்கான காரணத்தையும் பதிந்துவிட்டோம் என்று ஆகாது. காற்றின் வேகம், சரிவு, சருகின் ஈரம் ஆகியவை தீயின் ஓட்டத்தோடு எப்படித் தொடர்புறுகின்றன என்பது விதிகளாக எழுதப்பட்டால்தான் அது புவியியல் அறிவாகும். உங்கள் ஆண்டுவாரிப் படங்களில் அந்த விதிகளைச் சோதித்துப் பார்க்கலாம். விதிகளை அவற்றிலிருந்து மட்டுமே உருவிவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: ஓர் ஏரி வற்றி இரண்டாகப் பிரிந்தால், பழைய அடையாள எண்ணை எந்தத் துண்டுக்குத் தருவது?

பதில்: மத்திய ஆசியாவின் ஆரல் கடலை எடுத்துக்கொள்வோம். 1960இல் அது பரப்பளவில் உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு நீர் கொண்டுவந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகள் பாசனத்துக்குத் திருப்பப்பட்டதால் சுருங்கி, 1980களின் பிற்பகுதியில் வடக்கு, தெற்கு என்று பிரிந்தது. கசகஸ்தானில் 2005இல் கோக்-ஆரல் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் வடபகுதியின் நீர்மட்டம் உயர்ந்தது; தென்பகுதி மேலும் வற்றியது. பெரிய துண்டு என்பதற்காகத் தென்பகுதிக்குப் பழைய எண்ணைத் தந்துவிட்டால், பிரிந்த ஆண்டில் ஏரி திடீரென வடபகுதி முழுவதையும் இழந்ததாகப் பரப்பளவின் வரைகோடு காட்டும். அந்தச் சரிவு நம் எண்ணிடும் பழக்கத்தால் வந்ததே தவிர, அந்த ஆண்டில் அவ்வளவு நீர் வற்றிவிடவில்லை.

ஆகவே பழைய பதிவை முடிவுத் தேதியோடு மூடிவிட்டு, இரண்டு புதிய எண்களைத் தொடங்குங்கள். அதோடு நிற்காமல், பிரிவையே ஒரு நிகழ்வாகத் தனி அட்டவணையில் எழுதுங்கள்: எது பிரிந்தது, எவை பிறந்தன, எப்போது. நிலைத்திருக்கும் பொருள்களையும் நடந்து முடியும் நிகழ்வுகளையும் இரண்டு தனி வகைகளாகக் கொண்டு பியேர் கிரெனோனும் பேரி ஸ்மித்தும் 2004இல் வகுத்த கோட்பாடும் இதற்கு இடம் தருகிறது. 'எப்போது' என்பதற்கு ஒரே தேதியை எழுதுவது மட்டும் ஆபத்து. ஆழமற்ற ஏரி ஒரு நாளில் பிரிவதில்லை. நீர் ஏறினால் மீண்டும் இணையவும் கூடும். முந்தைய எல்லை, பிந்தைய எல்லை என இரண்டு தேதிகளை வையுங்கள். நிகழ்வு நடந்த காலம் வேறு, அது தரவுத்தளத்தில் ஏறிய காலம் வேறு என்பதால் இரண்டாவதையும் அட்டவணையில் தனி நெடுவரிசையாக வைக்க வேண்டும். பின்னாளில் ஒரு தேதி திருத்தப்படும்போது, பழைய அறிக்கை எந்தத் தரவை நம்பி எழுதப்பட்டது என்று தேட அதுதான் உதவும்.

கேள்வி: இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம் என்றால், மென்பொருள்கள் இன்னும் ஏன் அடுக்குகளையே பிடித்துக்கொண்டிருக்கின்றன?

பதில்: பிறப்பு அப்படி. 1960களில் ரோஜர் டாம்லின்சன் கனடாவில் உருவாக்கிய முதல் புவியியல் தகவல் அமைப்பு, நாட்டின் நிலவளக் கணக்கெடுப்புக்கான வரைபடங்களைக் கணினியில் ஏற்றவே எழுந்தது. வரைபடத்தாளின் இயல்பு அப்படியே உள்ளே வந்துவிட்டது. கியூஜிஐஎஸ் என்ற புவியியல் தகவல் மென்பொருளின் 2020இல் வெளியான 3.14 பதிப்பில் காலக் கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. பயனுள்ள கருவிதான், ஆனால் அதுவும் நிலவரங்களை வரிசையாகக் காட்டுகிறதே அன்றி நிகழ்வை அறியாது. விதியை எழுதி ஓடவிட வேண்டுமானால் பிசிராஸ்டர் போன்ற மாதிரியாக்க மொழிகளைப் பாருங்கள். ஒவ்வொரு கலத்திலும் உள்ள நீர், சுற்றியுள்ள எட்டுக் கலங்களில் செங்குத்தான சரிவுள்ள பக்கம் இறங்கும் என்று அதில் சில வரிகளில் எழுதி, ஒவ்வொரு சிறு கால இடைவெளிக்கும் அதைத் திரும்பத் திரும்பக் கணக்கிடச் செய்யலாம்.