ஊழலா, மின்வெட்டா: ஓட்டை எது மாற்றுகிறது?

தேர்தல் முடிந்ததும் வீடு வீடாகப் போய் "எதைப் பார்த்து ஓட்டுப் போட்டீர்கள்" என்று கேட்கும் கருத்துக்கணிப்புகளில் நெடுநாள் களப்பணி செய்தவர் இந்தமுறை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். ஊழல் குற்றச்சாட்டு ஓட்டை மாற்றுகிறதா, இல்லை அரிசி, மின்சாரம், இட ஒதுக்கீடு போன்ற அரசின் முடிவுகள் மாற்றுகின்றனவா என்பதுதான் பேச்சு.

கோவையிலிருந்து: சார், 2011ல் திமுகவை வீட்டுக்கு அனுப்பியது 2ஜி தானேங்க? இதில் பேச என்ன இருக்கு?

கோவைக்காரர் இப்படிக் கேட்பதுதான் ஆச்சரியம். உங்கள் பக்கம் விசைத்தறியோ பட்டறையோ வைத்திருந்தவர்களைக் கேட்டால், முதலில் கரண்ட் இல்லாத கதையைத்தான் சொல்வார்கள்.

தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 2ஜி என்ற கைபேசி அலைக்கற்றை உரிமம் கொடுத்தது 2008 ஜனவரியில். முறைகேடு என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. ஆனாலும் 2009 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணி 39ல் 27 இடம் பிடித்தது, உரிமம் கொடுத்த தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசாவே நீலகிரியில் ஜெயித்தார். 1.76 லட்சம் கோடி இழப்பு என்ற தணிக்கை அறிக்கை 2010 நவம்பரில் வந்தது. அதே மாதம் ராசா பதவி விலகினார், 2011 பிப்ரவரியில் கைதானார். ஏப்ரலில் தேர்தல், திமுகவுக்கு 23 இடம். இதை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி என்றுதான் தோன்றும்.

ஆனால் இடையில் வேறு என்னென்ன நடந்தது? சென்னைக்கு வெளியே பகலில் மணிக்கணக்கில் மின்வெட்டு. திருப்பூரில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவு. அப்புறம் கூட்டணி. 2006ல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கிய விஜயகாந்தின் தேமுதிக இந்த முறை அதிமுக பக்கம் போய்விட்டது. இடதுசாரிகளும் அங்கேதான். ராசாவை யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டாலும், இந்தக் கணக்கில் திமுக ஜெயித்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். 2ஜி தோல்வியைப் பெரிதாக்கியது. உண்டாக்கவில்லை என்பது என் கணிப்பு.

இன்னொன்று. 1.76 லட்சம் கோடி என்பது யார் கைக்கும் அடங்காத தொகை. ஒருவர் வீட்டுச் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது. ஊழல் பேசியவர்களுக்கே அது ஒருவகையில் இடைஞ்சல். கருணாநிதி குடும்பத்தைச் சொல்லி "அந்தக் குடும்பம் எல்லாவற்றையும் வளைத்துவிட்டது" என்று சொன்ன பலருக்கு அலைக்கற்றை என்றால் என்னவென்று தெரியாது. அவர்கள் கோபம் உள்ளூரில் பார்த்ததிலிருந்து வந்தது. 2ஜி அதற்குப் பெயராக அமைந்தது.

ஒரு துணுக்கு: 2ஜி வழக்கில் ராசாவையும் கனிமொழியையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது 2017 டிசம்பர் 21ல். அதே நாளில்தான் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. காலையிலேயே விடுதலைச் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. திமுக வேட்பாளர் டெபாசிட் இழந்தார்.

சேலத்திலிருந்து: அப்படியென்றால் 1996? வளர்ப்பு மகன் கல்யாணம்தானே ஜெயலலிதாவைத் தோற்கடித்தது?

ஊழல் பேச்சு ஓட்டை உண்மையாகவே அசைத்த தேர்தல் என்று தமிழ்நாட்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால், நானும் 1996ஐத்தான் காட்டுவேன். பர்கூரில் முதலமைச்சரே 8,366 ஓட்டில் தோற்றார். அதிமுகவுக்கு மிஞ்சியது 4 இடம்.

2ஜிக்கும் இதற்கும் வித்தியாசம், இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது என்பது. 1995 செப்டம்பரில் நடந்த அந்தக் கல்யாணத்தின் பந்தலையும் நகைகளையும் ஜனங்கள் படங்களில் பார்த்தார்கள். கல்யாணச் செலவு என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் கடன் வாங்கியவர் எல்லாரும் அன்றைக்குத் தணிக்கை அதிகாரிதான்.

சரி, இங்கேயும் கூட்டணியை மறக்கக்கூடாது. டெல்லி காங்கிரஸ் தலைமை ஜெயலலிதாவோடு கைகோத்ததும் இங்கே காங்கிரஸின் மூப்பனார் வெளியே வந்து தமாகாவை (தமிழ் மாநில காங்கிரஸ்) தொடங்கினார். திமுகவோடு சேர்ந்து 39 சட்டமன்ற இடங்களைப் பிடித்தார். கோபம் கொண்ட காங்கிரஸ்காரருக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் இல்லாமல், கோபம் மட்டும் இருந்திருந்தால்?

அதற்கு 1998 மக்களவைத் தேர்தல் ஓரளவு பதில் சொல்லும். இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. இடையில் கைது, வீட்டில் எடுத்த நகை, புடவை, செருப்பு என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டியது எல்லாம் ஆகிவிட்டது. ஊழல் கதை 1996ஐவிடப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனாலும் பாமக, மதிமுக, பாஜக என்று சேர்த்துக்கொண்ட அதிமுக அணி 39ல் 30 இடம் ஜெயித்தது. வாக்குப்பதிவு நெருங்கிய நேரத்தில் நடந்த கோவை குண்டுவெடிப்புக்கும் அதில் பங்கு உண்டு.

திருச்சியிலிருந்து: அண்ணா, குற்றச்சாட்டை விடுங்கள். நீதிமன்றமே தண்டனை கொடுத்தால்கூட ஜனங்கள் கண்டுகொள்ள மாட்டார்களா?

அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்தது 2000 அக்டோபரில். 2001ல் நான்கு தொகுதிகளில் ஜெயலலிதாவின் வேட்புமனு தள்ளுபடி. கட்சி 132 இடத்தில் ஜெயித்தது, அவர் எம்.எல்.ஏ. ஆகாமலே முதலமைச்சரானார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சொத்துக்குவிப்பு வழக்கில் 2014ல் தண்டனை, 2015ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2016ல் மறுபடி ஆட்சி. 2017ல் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை.

கண்டுகொள்ளாமல் இல்லை தம்பி. "எல்லார் மேலும்தான் கேஸ் இருக்கு" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். 1970களில் திமுக ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன் காலத்திலிருந்து இரண்டு பக்கமும் வழக்கு இருக்கும்போது, ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகிறது. மிச்சம் நிற்பது வேறு விஷயங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஐயா, அரசின் கொள்கை முடிவுதான் ஓட்டை மாற்றியது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? அதுவும் ஊகம்தானே?

நல்ல கேள்வி. இதற்கு நான் ஆய்வுக் கட்டுரைகளை நம்புவதில்லை. தோற்ற அரசாங்கம் மறுநாள் எதை ரத்து செய்தது என்று பார்ப்பேன்.

1979ல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு போட்டது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுக ஜெயித்தது இரண்டே தொகுதி. தோல்வி வந்ததும் வரம்பு போனது. அதோடு நிற்காமல் 31 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு 50 ஆனது. பிப்ரவரியில் ஆட்சியைக் கலைத்தார்கள்; மே மாதத் தேர்தலில் எம்.ஜி.ஆர். 129 இடத்தோடு திரும்பி வந்தார். ஆட்சிக் கலைப்பால் வந்த அனுதாபமும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தன்னை எது வீழ்த்தியது என்று அவர் நினைத்தார் என்பது அரசாணையிலேயே இருக்கிறது.

2004 இன்னும் தெளிவு. ஜெயலலிதா அரசு 2003 வேலைநிறுத்தத்தில் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களை வேலையை விட்டு நீக்கியது, விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கைவைத்தது, வசதியானவர் என்று ரேஷன் பொருளை நிறுத்திய 'எச்' கார்டு, மதமாற்றத் தடைச் சட்டம் என்று வரிசையாக முடிவுகள். மக்களவைத் தேர்தலில் 39ம் போயிற்று. முடிவு வந்த சில நாட்களிலேயே இவை ஒவ்வொன்றாக வாபஸ் ஆயின. அந்தத் தேர்தலில் யாரும் பெரிய ஊழல் புகாரைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை என்பதையும் கவனியுங்கள். அரசு ஊழியர் வீட்டில் ஓட்டு மட்டுமா இருக்கிறது? வாக்குச்சாவடியில் உட்காருபவரும் அவர், ஊரில் நாலு பேர் யோசனை கேட்கும் ஆளும் அவர்.

உங்கள் டெல்டாவில் இலவச மின்சாரம் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

திண்டுக்கல்லிலிருந்து: மின்வெட்டு ஆட்சியை மாற்றும் என்கிறீர்கள். 2012ல் இதைவிட மோசமான மின்வெட்டு. ஆனால் 2014ல் அதிமுகவுக்கு 37 இடம். கணக்கு உதைக்கிறதே?

உதைக்கத்தான் செய்கிறது. 2014ல் எதிரே இருந்தவர்கள் நாலு பிரிவாக நின்றார்கள்: திமுக அணி, பாஜக அணி, காங்கிரஸ் தனி, இடதுசாரிகள் தனி. 2011ல் தேமுதிக அதிமுகவோடு இருந்ததும் இப்போது பாஜகவோடு போனதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். இதற்குள் அம்மா உணவகம் வேறு வந்துவிட்டது, ஒரு ரூபாய்க்கு இட்லி. துன்பம் ஒன்று, அதை ஈடுகட்ட ஒன்று.

நெல்லையிலிருந்து: கருத்துக்கணிப்பு எடுத்தால் "ஊழல் செய்தவருக்கு ஓட்டுப் போட மாட்டேன்" என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

கேட்கும் விதத்தில் இருக்கிறது சூட்சுமம். "ஊழல் வேட்பாளருக்குப் போடுவீர்களா" என்று கேட்டால் எந்த மனிதர் ஆமாம் என்பார்? கற்பனை வேட்பாளருக்குச் சாதி கிடையாது, கட்சி கிடையாது, பக்கத்துத் தெருவில் பாலம் கட்டிக்கொடுத்த கதையும் கிடையாது.

களத்தில் நாங்கள் செய்வது வேறு. சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவர் குத்தி மடித்துப் பெட்டியில் போடுவார். காரணத்தை, நாலு விடைகளை நீட்டாமல், சும்மா கேட்போம். பெரும்பாலும் முதல் பதில் "எல்லாம் பார்த்துத்தான்". கொஞ்சம் பொறுத்தால் கேஸ் சிலிண்டர் விலை வரும், நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை என்பது வரும். புருஷன் பக்கத்தில் இருந்தால் பெண்கள் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அது தனிக் கதை.

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் லோக்நிதி என்ற ஆய்வு அமைப்பு நாடு முழுக்க எடுத்த கணிப்பில் முக்கியப் பிரச்சினை வேலையின்மை என்றவர்கள் 27 சதவீதம், விலைவாசி என்றவர்கள் 23 சதவீதம். ஊழல் என்றவர்கள் 8 சதவீதம்.

பெங்களூரிலிருந்து: இங்கே 2023 சட்டமன்றத் தேர்தலில், ஒப்பந்த வேலைகளுக்கு ஆட்சியில் இருப்பவர்கள் "40 சதவீத கமிஷன்" வாங்குகிறார்கள் என்ற பிரச்சாரம்தானே பாஜகவை இறக்கியது?

காங்கிரஸ் 135 இடம் பிடித்தது, உண்மை. ஆனால் பாஜகவின் வாக்கு சதவீதத்தைப் பாருங்கள்: 2018லும் சுமார் 36, 2023லும் சுமார் 36. கமிஷன் பேச்சைக் கேட்டு விலகியவர்கள் எங்கே? காங்கிரஸுக்குக் கூடிய அளவுக்கு ஏறக்குறைய இறங்கியது மதச்சார்பற்ற ஜனதா தளம்தான். பெண்களுக்கு மாதம் 2,000 ரூபாய், இலவசப் பேருந்து, 200 யூனிட் மின்சாரம் என்ற வாக்குறுதிகளும் கூடவே இருந்தன. கமிஷன் புகார் காங்கிரஸ் தொண்டருக்குத் தெம்பு கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அமெரிக்காவிலிருந்து: அதிபர் கிளிண்டன் விவகாரம் போலத் தனிப்பட்ட வாழ்க்கை வெளியே வந்தால்?

அந்த விவகாரம் வெளியே வந்த 1998லேயே, நவம்பர் தேர்தலில் அவர் கட்சி பிரதிநிதிகள் சபையில் 5 இடம் கூடுதலாகப் பிடித்தது. பொருளாதாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மதுரையிலிருந்து: அப்படியென்றால் ஊழலை அம்பலப்படுத்துவதே வீண் வேலையா சார்?

அப்படிச் சொல்லவில்லை. பிரேசிலில் 2003ல் குலுக்கல் முறையில் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்து முடிவை வெளியிட ஆரம்பித்தார்கள். 2004 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பே அறிக்கை வெளியான ஊர்களில், ஊழல் கண்டுபிடிக்கப்பட்ட மேயர்கள் அதிகமாகத் தோற்றார்கள். உள்ளூர் வானொலி நிலையம் இருந்த ஊர்களில் அடி இன்னும் பலம். சுத்தம் என்று வந்தவர்களுக்கு அதுவே லாபம். அதாவது எங்கள் ஊர் மேயர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பணம், தேர்தலுக்கு முன்னால், தெரிந்த குரலில் சொன்ன செய்தி. இத்தனையும் சேர்ந்தால் வேலை செய்கிறது. நம் ஊராட்சித் தணிக்கை அறிக்கைகளை யார் எங்கே படிக்கிறார்கள்?

தேனியிலிருந்து: ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு விதமாக ஓட்டுப் போடுவாரா?

உங்கள் ஊரே சாட்சி. 2019 ஏப்ரல் 18ல் தமிழ்நாட்டில் திமுக அணி தோற்ற ஒரே மக்களவைத் தொகுதி தேனி. அங்கே அதிமுகவின் ரவீந்திரநாத் ஜெயித்தார், எதிரே காங்கிரஸின் இளங்கோவன். அதே நாள், அதே சாவடி, அடுத்த இயந்திரம்: ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல் இரண்டிலும் திமுக. மாநிலத்தின் மற்ற பக்கங்களில் இது தலைகீழ்: டெல்லிக்குத் திமுக அணி, கோட்டைக்கு அதிமுக என்று பிரித்துக் குத்திய தொகுதிகள் உண்டு. அந்த 2019 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த 22 இடைத்தேர்தல்களில் அதிமுக பிடித்த 9 இடங்கள்தான் எடப்பாடி பழனிசாமி ஆட்சியை 2021 வரை தாங்கிப் பிடித்தன.