‘பா’ வரைக்கும் படித்த ஆச்சி

கேள்வி: எழுத்தறிவு விகிதம் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு ஏறுகிறதே, வயது வந்தவர்கள் உண்மையிலேயே படிக்கக் கற்றுக்கொள்கிறார்களா?

சிலர் கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் ஏற்றத்துக்குப் பெரிய காரணம் அதுவல்ல. படிக்காத தலைமுறை போய்ச் சேர, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பெரியவர்களாகிறார்கள். 1991-இல் தமிழ்நாட்டின் விகிதம் 62.66 சதவீதம், 2011-இல் 80.09. பழைய நெல்லை மாவட்டம் (தென்காசியும் சேர்ந்திருந்தபோது) 82.5. எல்லாமே 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் கணக்கு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆச்சி பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. அம்மா மதிய உணவுக்காகப் போய் ஐந்தாவது வரை படித்தாள். நான் பாளையங்கோட்டையில் கல்லூரி.

ஆனால் ஆச்சியும் படித்தாள். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். 90-களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் பீடிச் சுளகு, சுற்றிலும் நாலைந்து பெண்கள், திண்ணையில்தான் வகுப்பு. கை இலையைச் சுருட்டிக்கொண்டே இருக்க, வாய் எழுத்துக்கூட்டும். ஆறே மாதத்தில் பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புக்கைத் தானே பார்த்து, பீடிக் கடையில் எண்ணிக்கை குறைத்து எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டாள். அந்தச் சண்டையை ஊரே வேடிக்கை பார்த்ததாம்.

அப்புறம் வகுப்பு நின்றது. கண்ணில் புரை விழுந்தது, பீடி சுற்றுவதையும் விட்டாள். வீட்டில் வாசிக்க எங்கள் பாடப்புத்தகத்தைத் தவிர என்ன இருந்தது? பத்து வருஷத்தில் கையெழுத்தும் பஸ் போர்டின் முதல் எழுத்தும்தான் மிச்சம். ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது ‘பா’வைப் பார்த்து, ஊருக்குப் போகும் பாபநாசம் வண்டி என்று ஏறினாள். அது பாவூர்சத்திரம் வண்டி. ஆலங்குளத்தில் இறங்கி, மாறி வந்து சேர இருட்டிவிட்டது. இந்த மாதிரி இழப்பு எந்த விகிதத்திலும் தெரியாது. கணக்கெடுப்பில் யாரும் புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொல்வதில்லை. வீட்டில் சொல்வதைத்தான் எழுதிக்கொள்கிறார்கள். புரிந்து படிக்கவும் எழுதவும் வேண்டும், கையெழுத்து மட்டும் போதாது என்பது விதி.

2011-இல் கணக்கெடுக்க வந்த டீச்சர், “ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். “கையெழுத்துப் போடுவா, தெரியும்னே எழுதிக்கோங்க” என்றார் மாமா. ஆச்சி விடவில்லை. “‘பா’ வரைக்கும் தெரியும்னு எழுதும்மா” என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்தார். என்ன குறித்தார் என்று எட்டிப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.