ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் நேரத்தில் தொழுகை, பூஜை, ஜெபம்: எதைக் கேட்கலாம், எதை நிர்வாகம் மறுக்கலாம்?

கேட்டவர் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனி ஊழியர். வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவுக்கு விட மறுக்கிறார்கள், ஆனால் ஆயுத பூஜைக்கு லைனையே நிறுத்துகிறார்கள், இது சரியா என்பது கேள்வி. அவருடைய ஆதங்கம் நியாயமானது. ஆனால் உரிமை என்று மட்டும் பேசினால் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள்.

அரசியலமைப்பின் 25-வது பிரிவு தரும் மத உரிமை முதன்மையாக அரசை நோக்கியது. தனியார் கம்பெனி தொழுகைக்கு நேரம் ஒதுக்கியே தீர வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இங்கே இல்லை. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் ஊழியரின் வழிபாட்டுக்கு இயன்றவரை இடம் தர வேண்டும். மறுப்பதானால் தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை விழும் என்று காட்ட வேண்டும் என 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டம் ஓசூர் தொழிலாளிக்குக் கைகொடுக்காது. ஆனாலும் உங்கள் கம்பெனியின் தாய் நிறுவனம் அங்கே இருந்தால் நடத்தை விதிக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். அதே கருத்தில் ஒரு வரி இருந்தால், எச்.ஆரிடம் காட்ட அதைவிட வலுவான காகிதம் கிடையாது.

ஜும்ஆவையும் தினசரித் தொழுகையையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு நண்பகல் தாண்டியதிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை அவகாசம் உண்டு. பத்து நிமிடம் போதும், சாப்பாட்டு இடைவேளையிலேயே முடிந்துவிடும். ஜும்ஆ அப்படியில்லை. ஜமாஅத்தோடு, அதாவது பலரோடு சேர்ந்து, குறித்த நேரத்தில்தான். போக, வர, குத்பா என்னும் உரை எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரமாவது ஆகும். அரைமணி இடைவேளைக்குள் அது அடங்காது என்பதை நீங்களே முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு முதல் இரண்டு வரையான ஷிஃப்டில்தான் சிக்கல் அதிகம். ஆகவே மனுவில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எத்தனை மணிக்கு வெளியே போவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதுவரை உங்கள் மெஷினை யார் பார்ப்பார். மூன்றாவது இல்லாத மனுவை எந்த சூப்பர்வைசரும் மேலே அனுப்பமாட்டார். ரிலீவராக நிற்பவரின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். குறைந்த நேரத்தை வேறொரு நாள் ஈடு செய்வதாக எழுதுங்கள்.

இடம் கேட்பதிலும் அளவு சொல்லிக் கேளுங்கள். ஆளுக்கு நாலடி நீளம், இரண்டரை அடி அகலம். தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை, ஓசூரிலிருந்து நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து சுமார் 20 டிகிரி வடக்கே சாயும். பெரும்பாலும் சண்டை வருவது உளூவால்தான், அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதால். வாஷ்பேசினில் காலைத் தூக்கிக் கழுவினால் தரை நனையும், அடுத்து வருபவர் வழுக்குவார், புகார் கிளம்பும். முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், கீழே வடிகால், ஒரு ரப்பர் மேட், இவ்வளவுதான் செலவு.

மறுக்க வேண்டியதை நிர்வாகம் மறுக்கத்தான் வேண்டும், அது எந்த மதமானாலும். சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாளும் செருப்பில்லாமல் இருக்க விரும்புவார். ஷாப் ஃப்ளோரில் சேஃப்டி ஷூ இல்லாமல் விடக் கூடாது. மாலை சட்டைக்குள் இருக்கட்டும், கழுத்துத் துண்டு லாக்கரில் இருக்கட்டும். லேத் மெஷினில் சுழலும் பிடியான சக்கில் துணி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். ஹிஜாப் அணியும் பெண்களுக்கும் இதே கணக்குதான்: ஊக்கு குத்தாத, தைத்த வகையை அணிந்து, நுனியைக் கோட்டுக்குள் செருகி, மேலே தொப்பி போட்டால் அசெம்பிளி லைனில் எந்தத் தடையும் இல்லை. ‘துணியே கூடாது’ என்று சொல்லும் சூப்பர்வைசரிடம் எந்தப் பாதுகாப்பு விதி என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆயுத பூஜைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. அதனாலேயே ஆபத்தும் அதில்தான் அதிகம். பெயின்ட் பூத், தின்னர் அறை, ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜ் ஆகும் இடம் ஆகியவற்றின் பக்கம் கற்பூரம் வரவே கூடாது. மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டிய பிறகே மாலை சாத்த வேண்டும். மறுநாள் ஓட்டும்முன் எடுத்தாயிற்றா என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும். சந்தனம், குங்குமத்தை மெஷினின் வெளிமூடியில் வையுங்கள். சென்சார், டச் ஸ்கிரீன், வெர்னியர் அளவுகருவி மேல் வேண்டாம். திருநீறு மின் பேனலுக்குள் போனால் ஈரம் பிடித்துக் கோளாறு செய்யும். பூசணிக்காயை வாசலில் உடைத்துவிட்டு உடனே அள்ளுங்கள், பைக்கில் வருபவர் சறுக்கி விழுவார். பூஜைக்கான வசூலைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. வராதவர் பெயரைக் குறித்து வைப்பதும் தவறு.

நான் மிகவும் கவலைப்படுவது மேலதிகாரியின் ஜெபத்தைப் பற்றி. இரண்டு தொழிலாளிகள் கேன்டீனில் சேர்ந்து ஜெபித்தால் அது அவர்கள் விருப்பம். மேனேஜர் மீட்டிங்கை ஜெபத்தோடு தொடங்கினாலோ, எல்லோரையும் ஆரத்திக்கு நிற்கச் சொன்னாலோ, கீழே உள்ளவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்ரைசல் போடுபவர் அவர்தானே. பதவி உயர உயர வழிபாட்டைத் தன்னோடு வைத்துக்கொள்வதே முறை.

விடுமுறைக்கு மட்டும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி நான்கு தேசிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு உண்டு. அந்த ஐந்து எவை என்பதில் தொழிலாளர் கருத்தையும் கேட்க வேண்டும். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உகாதி கேட்பார்கள், ஒடிசா, பீகார்காரர்கள் செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை கேட்பார்கள். ரம்ஜானும் கிறிஸ்துமஸும் பட்டியலில் வர வேண்டுமானால் டிசம்பரிலேயே உங்கள் பிரதிநிதி வழியாக எழுதிக் கொடுங்கள். ஜனவரியில் பட்டியலை ஒட்டிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.