லினோ அச்சுப் படங்களை சென்னையில் எங்கே காட்டுவது?

லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி எடுக்கும் லினோ அச்சுப் படங்கள் செய்கிறீர்கள், சென்னைத் தனியார் கேலரிகள் மின்னஞ்சலுக்குப் பதிலே போடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, மின்னஞ்சலை விடுங்கள். முதலில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமிக்கு நேரில் போங்கள். அங்கே அச்சுக்கலைக்கென்றே பட்டறை இருக்கிறது. சொந்தமாக அச்சு இயந்திரம் வாங்கும் யோசனையே இப்போது வேண்டாம். கூட வேலை செய்பவர்கள் பழக்கமானால்தான் குழுக் கண்காட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

அப்புறம் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கியபோது அங்கிருந்த ஓவியர்களுக்குச் சோறு போட்டது மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும்தான். காட்சிக்கூடம் வாடகைக்குக் கிடைக்கும். தனியாக எடுக்காதீர்கள், மூன்று நான்கு பேர் சேருங்கள். அஞ்சலட்டை அளவு அச்சுகளும் கொஞ்சம் வையுங்கள், 500 ரூபாய்க்குள். பெரிய படத்தை வியப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான். ஒவ்வொரு அச்சிலும் பென்சிலால் பிரதி எண்ணும் (மொத்தத்தில் எத்தனையாவது என்பது) கையெழுத்தும் போட மறக்காதீர்கள்.