கொப்பரை பளபளக்கட்டும், முதலில் தரையைப் பாருங்கள்

தம்பி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சின்னதாக ஒரு பீர் ஆலை போடப் போகிறீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து பேரல் காய்ச்சும் செட்டைச் சீனாவிலிருந்து புதிதாக இறக்குவதா, மூடிய ஆலை ஒன்றில் பழையதை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவி நர்ஸ், நீங்கள் டிபெண்டன்ட் விசா என்றால் சொந்தத் தொழிலுக்குத் தடையில்லை. ஸ்டூடண்ட் விசாவில் இருக்கும் நண்பரை மட்டும் பங்காளியாக இழுக்காதீர்கள், அவருக்கு அது கூடாது.

என் ஓட்டு பழைய செட்டுக்கு. இங்கே சில வருடங்களாகச் சிறு ஆலைகள் வரிசையாக மூடுவதால் நல்ல சாமான் மலிவாகவே கிடைக்கிறது. நாம் எவர்சில்வர் என்கிறோமே, அதை ஹாரி பிரியர்லி 1913இல் உருக்கியது இதே ஊரில்தான். இப்போது தொட்டி சீனாவிலிருந்து வருகிறது, போகட்டும். ஒன்று கவனம்: பிரிட்டிஷ் பேரல் சுமார் 164 லிட்டர், அமெரிக்கப் பேரல் 117தான். விலைப்பட்டியலில் ‘ஐந்து பேரல்’ என்றிருந்தால் எத்தனை லிட்டர் என்று எழுதி வாங்குங்கள்.

எல்லோரும் பீர் காய்ச்சும் கொப்பரையில்தான் மயங்குகிறார்கள். அதற்கு வேலை ஒரு பகல்தான். அதில் காய்ச்சியது ஃபெர்மென்டரில், அதாவது நொதிக்கவிடும் தொட்டியில், ஒரு வாரம் முதல் பத்து நாள் கிடக்கும், அதுவும் பீப்பாயில் (காஸ்க்) அடைத்து விற்கும் ஏல் பீர் என்றால். குளிரில் மெதுவாகப் பதமாகும் லாகர் என்றால் இன்னும் பல வாரங்கள். ஒரே ஃபெர்மென்டர் வைத்தால் கொப்பரை மீதி நாளெல்லாம் சும்மா தூங்கும். குறைந்தது மூன்று வேண்டும். காஸ்க்கிலேயே தொடங்குங்கள், கடைசிப் பதம் பீப்பாய்க்குள்ளேயே ஆகிவிடும், தெளிந்த பீரை வைக்கும் பிரைட் டேங்க் செலவு மிச்சம்.

அடுத்தது கரண்ட். 800 லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரியிலிருந்து எண்பதுக்கு ஏற்ற ஏறக்குறைய 65 யூனிட் ஆகும். சிங்கிள் ஃபேஸில் 100 ஆம்பியர் கிடைத்தாலும் 23 கிலோவாட்தான், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் குளிரூட்டும் மெஷினைக்கூடப் போட முடியாது. கூடத்தில் த்ரீ ஃபேஸ் இருக்கிறதா என்று கேட்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தரைச் சரிவும் வடிகாலும் அதே மாதிரிதான். கழிவை விடத் தண்ணீர் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். பீர் வரிக்கு எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித்துறை) ஒப்புதல் வராமல் ஒரு சொட்டும் காய்ச்சக் கூடாது.

தொட்டி வாங்கும்போது, உள்ளே வெற்றிடம் உண்டானால் வெளிக்காற்றை உள்ளே விடும் வேக்கம் வால்வைப் பார்த்து வாங்குங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் வேலை பார்த்த ஆலையில், பீரை இறக்கிய தொட்டியைக் காற்றாட விடாமலே மூடி, கழுவுவதற்காகக் காஸ்டிக் சோடாவை ஓடவிட்டேன். உள்ளே நின்ற கார்பன் டை ஆக்சைடைக் காஸ்டிக் உறிஞ்சிக்கொண்டது. வெற்றிடம். ‘டொங்’கென்று ஒரு சத்தம், திரும்பிப் பார்த்தால், காலி கோலா டின்னைக் கையால் நசுக்கினது போலத் தொட்டியின் விலா உள்ளே போயிருந்தது. முதலாளி திட்டவில்லை, தொட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மால்ட்டை (முளைகட்டிய பார்லி) வெந்நீரில் ஊறவைக்கும் தொட்டிதான் மாஷ் டன். பழைய மாஷ் டன்னில் சக்கை எடுக்கும் கதவு பக்கவாட்டில் இருக்கட்டும். 150 கிலோ மால்ட் தண்ணீரில் ஊறினால் சக்கை நல்ல கனம். மேல்வாய் வழியாக அள்ளினால் முதுகு போய்விடும். சக்கையை மாட்டுப் பண்ணைக்காரர்களே வந்து எடுத்துப் போவார்கள், அந்தக் கவலை வேண்டாம்.

வியாழக்கிழமை எங்கள் ஆலையில் காய்ச்சுகிறோம். காலை ஆறு மணிக்கு வந்தால் நீங்களே ஒரு தடவை அள்ளிப் பார்க்கலாம். பழைய பேன்ட் போட்டு வாருங்கள், தம்பி.