மறு: திரும்ப ஞானஸ்நானம் எடுக்கணுமா?

பிரதர், கைக்குழந்தையா இருக்கும்போதே சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்ல ஞானஸ்நானம் வாங்கியாச்சு, இப்போ போற சபையில அது செல்லாது, ஈஸ்ட் கோஸ்ட் கடல்ல முழுகி எடுங்கன்னு சொல்றாங்க, அம்மா அழுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. படிச்சு ரொம்ப கஷ்டமாயிருச்சு.

பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள்ல ஒருத்தர் தானே விசுவாசிச்சு அறிக்கை பண்ணின பிறகுதான் ஞானஸ்நானம், ரோமர் 6ல வர்ற மாதிரி கிறிஸ்துவோட அடக்கமாகி எழும்புறதுக்கு அடையாளமா தண்ணிக்குள்ள முழுசா போகணும்பாங்க. கத்தோலிக்கர், லுத்தரன், மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகள்ல இது கடவுள் முந்திக்கிட்டு கொடுக்கிற கிருபை, அதனால குழந்தைக்கும் உண்டு, அப்போஸ்தலர் 16ல சிறைச்சாலைக்காரர் தன் வீட்டார் எல்லாரோடயும் எடுத்தாரே, அதைக் காட்டுவாங்க. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேர்ல தண்ணி ஊத்தியாச்சுன்னா அது ஆயுசுக்கும் ஒரே தடவைதான். அம்மாவுக்கு வலிக்கிறது இதனாலதான், தான் உங்களுக்கு ஆசையா செஞ்சது வீண்னு நீங்க சொல்ற மாதிரி அவங்களுக்குக் கேக்குது.

என் கருத்து, அவசரப்படாதீங்க. பாஸ்டர்கிட்ட டைம் கேளுங்க, நல்ல மேய்ப்பர்னா கண்டிப்பா கொடுப்பார். சின்ன வயசுல வாங்கினதை நானே ஏத்துக்கிறேன்னு சொல்லணும்னா கத்தோலிக்கத்துல உறுதிபூசுதல் இருக்கு, அது எடுத்துட்டீங்களா? ஈஸ்டர் ராத்திரி பூசையில எல்லாரும் மெழுகுவர்த்தி பிடிச்சு ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிப்பாங்க, ஒரு தடவை அம்மாகூட போய் நில்லுங்க. அப்புறமும் மனசு அந்த சபைப் பக்கமே இழுத்தா, முடிவை நீங்களே உக்காந்து அம்மாகிட்ட சொல்லுங்க, யாரோ அனுப்பின வாட்ஸ்அப் போட்டோ பாத்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது.