நாம்பனை எப்போது வண்டிலில் பூட்டலாம்?

விசுவமடுவில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் ஊர்மாட்டு நாம்பன் ஒன்று நிற்கிறது. போன மாரியோடு இரண்டு வயது முடிந்தது. வைக்கலும் விறகும் ஏற்றலாம் என்று ஒற்றை மாட்டு வண்டில் ஒன்றையும் வாங்கிவிட்டேன். 'இப்பவே பூட்டு, வயது போனால் முரண்டு பிடிக்கும்' என்கிறார் பக்கத்து வளவு அண்ணர். 'நாலு பல் போடட்டும், அதுவரை தொடாதே' என்கிறார் அப்பா. யார் சொல்வதைக் கேட்க?"

இருவர் சொல்வதிலும் பாதி சரி. பழக்குவதை நாளைக் காலையே தொடங்கலாம். அதில் அண்ணர் பக்கம் நியாயம் இருக்கிறது. பாரம் ஏற்ற நாலு பல்லாவது வேண்டும்; அதில் அப்பா பக்கம். பழக்கத்தையும் பாரத்தையும் ஒரே நாளில் தொடங்குகிறவரிடம்தான் மாடு கெட்டுப்போகும். நானே கெடுத்திருக்கிறேன். இளவயதில், இரண்டு பல் நாம்பன் ஒன்றை "நல்லா இழுக்குதே" என்ற துணிவில் மணல் ஒழுங்கையால் விறகோடு விட்டேன். இரண்டு கிழமைக்குள் கழுத்தில் புண். புண் ஆறிவிட்டது. நுகத்தைக் கண்டால் படுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல் கிடையாது, கீழே எட்டு. பால்பல் சிறிதாக, ஒடுங்கி இருக்கும். விழுந்து முளைக்கும் பல் அகலமானது, ஒருமுறை பார்த்தால் பிறகு குழப்பம் வராது. ஊர்மாட்டில் நடுப்பல் இரண்டும் ஏறத்தாழ இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடையில் மாறும். மூன்று வயதளவில் நாலு பல், மூன்றரையைத் தாண்ட ஆறு, நாலு நாலரையில் எட்டும் நிரம்பும். உங்கள் நாம்பன் இப்போதுதான் முதல் சோடியைப் போடுகிற பருவம். எலும்பும் மூட்டும் இன்னும் வளர்கின்றன.

ஆனால் பல் வயதைச் சொல்லுமே தவிர, பலத்தைச் சொல்லாது. கோடையில் காய்ந்த புல்லை மட்டும் கடித்து வளர்ந்த நாலு பல் மாட்டைவிட, தவிடும் புண்ணாக்கும் கண்ட அதே வயது மாடு கனமாக நிற்கும். எனவே ஒரு தையல் நாடா எடுங்கள். முன்னங்காலுக்கு உடனே பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளவுங்கள். தோள்முனையில் இருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். மதிப்பீடுதான், ஆனால் கண்மட்டத்தைவிட நல்லது. சுற்றளவு 48, நீளம் 42 என்றால் 147 கிலோ.

மாடு களைப்பில்லாமல் தொடர்ந்து இழுக்கக்கூடிய விசை அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இந்த நாம்பனுக்கு அது 15 கிலோ. டயர் வண்டில் தார் வீதியில் உருள, மொத்த எடையில் 100 கிலோவுக்கு 2, 3 கிலோ இழுவை போதும். அதே வண்டில் இளகிய மணலில் இறங்கினால் 100க்கு 15, 20 என்று ஏறிவிடும். வெறும் வண்டிலே 120 கிலோ என்று வைத்தால், மணலில் அதை நகர்த்தவே 18 கிலோவுக்கு மேல் வேண்டும். பாரம் ஏற்றும் முன்னரே மாட்டின் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனாலும் அது இழுக்கும்! சற்று நேரத்துக்கு மாடு அந்தப் பத்தில் ஒரு பங்கைப்போல் சில மடங்கு இழுக்கக்கூடியது. நான் ஏமாந்ததும் அதில்தான். நாலு பல்லோடு 200 கிலோவும் காட்டாத ஊர்மாட்டில் பாரம் ஏற்ற இப்போது எனக்கு மனம் வராது.

அதுவரை ஓராண்டு இருக்கிறது. அந்த ஓராண்டுக்குள் நாம்பன் முதலில் கற்க வேண்டியது நிற்பதைத்தான். இழுப்பது தானாக வரும். பூட்டும்போது நிற்க வேண்டும், அவிழ்க்கும்போது நிற்க வேண்டும், பின்னால் டிப்பர் ஹோர்ன் அடித்தாலும் நிற்க வேண்டும். கயிறு தளர்ந்திருக்க, சொல்லுக்கு நின்று, நீங்கள் வண்டிலைச் சுற்றி ஒரு நடை போய் வரும்வரை அசையாத மாடுதான் தயாரான மாடு. வாலைப் பிடித்து முறுக்கினால்தான் நடக்கும், நாலு பேர் பிடித்தால்தான் நிற்கும் என்றால், எட்டுப் பல் போட்டிருந்தாலும் அது தயாரில்லை.

நாணயக் கயிறு போட மூக்குக் குத்தவில்லை என்றால் இப்போது குத்தலாம். புண் முழுதாக ஆறும்வரை அதில் கயிறு போட்டு இழுக்க வேண்டாம். பிறகு காலையில் பதினைந்து, இருபது நிமிடம் கூட நடத்துங்கள். நடக்க ஒரு சொல், நிற்க ஒரு சொல். வீட்டில் எல்லாரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அது பழகியதும் வெறும் நுகத்தைக் கழுத்தில் வைத்து நடத்தலாம். அப்புறம் ஒரு சிறு குற்றியைச் சங்கிலியில் கட்டி இழுக்க விடுங்கள். மாட்டுக்குப் பக்கம் இரண்டும் நன்றாகத் தெரியும், நேர் பின்புறம் மட்டும் தெரியாது. வண்டில் வருவதோ அதே இடத்தில். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கடகடவென்று துரத்தினால் எந்த நாம்பனும் ஓடத்தான் பார்க்கும். அதனால் பூட்டுவதற்குச் சில நாள் முன்னர் நீங்கள் நாம்பனை நடத்த, இன்னொருவர் வண்டிலைக் கையால் இழுத்து முதலில் பக்கத்திலும் பிறகு பின்னாலும் வரட்டும். பழகிய கிழட்டு மாடு ஒன்று பக்கத்தில் நடந்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்த பிறகு அப்படி ஒரு மாட்டை இரவல் வாங்குவதுதான் பெரும்பாடு.

நலமடிக்கும், அதாவது விதை நீக்கும், கேள்வியும் வரும். மிகச் சின்னதில் அடித்தால் கழுத்தும் திமிலும் பருக்காது, நுகம் இருக்க இடம் போதாது. இந்த வயதில் செய்யலாம். ஆனால் விதையை நெரிக்கும் கிட்டியை ஊரவர் கையில் கொடுக்காமல் அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள், வலி தெரியாமல் செய்வார். வீக்கம் வற்றும்வரை பயிற்சிக்கு விடுமுறை. காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் வந்து தேறிய மாடா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தேறிய சில மாடுகளுக்கு வெயிலில் மூச்சிரைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். ஓய்வில் நிற்கும்போதே இரைக்கிற மாட்டை வண்டிலுக்கு என்று வளர்க்க வேண்டாம்.

காலம்? காலபோக அறுவடை முடிந்த தை, மாசியில் மாரிப்புல் தின்ற உடம்பு இருக்கும், வைக்கல் இருக்கும், வெட்டின வயல் விழுந்தாலும் நோகாத இடம். அடுத்த மாசியில் வெறும் வண்டிலைப் பூட்டுங்கள். தார் வீதி வேண்டாம், வாகனம் குறைந்த இறுகிய கிரவல் வீதி போதும். மணல் பக்கம் போகவே கூடாது. பாரம் அதற்கு அடுத்த படி. ஒற்றை வண்டிலில் பாரம் பின்னுக்குப் போனால் நுகம் மேலெழும்பிக் கயிறு தொண்டையை நெரிக்கும், முன்னுக்கு வந்தால் எல்லாம் கழுத்தில் இறங்கும். ஏற்றியதும் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள்; இலேசான கனம் மட்டும் தெரிய வேண்டும். அவிழ்த்ததும் உள்ளங்கையால் கழுத்தைத் தடவுங்கள். சூடோ தடிப்போ மயிர் உதிர்வோ இருந்தால், அது இறங்கும்வரை எத்தனை நாளானாலும் நுகம் வேண்டாம்.

வாங்கிய வண்டில் சும்மா நிற்கிறதே என்று கவலைப்படாதீர்கள். அதைப் பட்டிக்குப் பக்கத்தில், நாம்பன் கண்ணில் படும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். முகரட்டும், உரசட்டும். நீங்கள் இடைக்கிடை சில்லைச் சுற்றிவிட்டு, சத்தம் வந்தால் கிரீஸ் போடுங்கள்.